ஒரு கோட்டு, இரண்டு பாக்கெட்

அந்த வீட்டில் ஆட்கள் இரண்டு பேர், குளிருக்குப் போடுகிற கோட்டு ஒன்றுதான். கஞ்சத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தப் பெரிய நகரத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்தில் கையில் இருந்த காசுக்கு ஒரு கோட்டுத்தான் வந்தது. அவருக்குப் பகல் வேலை, அவளுக்கு ராத்திரி வேலை. அவர் வெளியே நிற்கும்போது அவள் போர்வைக்குள் இருப்பாள், அவள் வெளியே போகும்போது அவர் போர்வைக்குள் இருப்பார். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் குளிரப் போவதில்லை என்றான பிறகு இரண்டாவது கோட்டு எதற்கு? பின்னால் கையில் நாலு காசு சேர்ந்தபோதும் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் தேடவில்லை. பதினொரு வருஷம் ஓடிவிட்டது. ஒரே மகளின் கல்யாணம்கூட நல்லவேளையாக வெயில் காலத்தில் நடந்தது.

அவர் நடைபாதைக்குக் கல் பதிக்கிறவர். மணலைப் பரப்பித் தட்டி, சிமெண்டுக் கலவை வைத்து, கல்லை உட்காரவைத்து, ரப்பர் சுத்தியலால் நாலு மூலையிலும் தட்டி, மேலே ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். குமிழி நடுவில் வந்து நிற்காவிட்டால் கல்லைப் பெயர்த்துவிட்டு மறுபடியும் வைப்பார். கூட வேலை செய்கிறவர்கள் அவரை ரசமட்டம் என்றே கூப்பிடுவார்கள். வீட்டில் சுவரில் மாட்டிய படம் விரலளவு சாய்ந்திருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை. கூடம் நிலத்தடியில் இருந்தது. டாக்டர்களின் வெள்ளைக் கோட்டும் நர்சுகளின் உடுப்பும் நோயாளிகளின் சட்டையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அவை மெஷினுக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கைவிட்டுப் பார்க்க வேண்டியது அவள் பொறுப்பு. பேனா, கத்தரிக்கோல், தெர்மாமீட்டர், ஒருமுறை யாருடையதோ பாதிப் பல்செட். ஒரே ஒரு பேனா தப்பிப்போனால் அறுபது படுக்கை விரிப்பு நீலமாகிவிடும். பதினொரு வருஷத்தில் அவள் கைக்குத் தப்பி ஒரு பேனாகூட உள்ளே போனதில்லை. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அவளைப் பாக்கெட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

காலை ஆறே முக்காலுக்கு அவள் வேலை முடிந்து வருவாள். மாடிப்படிக்குக் கீழே வாசல் கதவருகில் அவர் தயாராக நிற்பார். கோட்டு கை மாறும். சாயங்காலம் அதே இடத்தில் அதே மாதிரி திரும்பக் கை மாறும். போடும்போது உள்பக்கம் இன்னும் கதகதப்பாக இருக்கும். அவர்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வதற்குக் கிடைப்பது அந்த மூன்று நிமிஷம்தான். வாரத்தில் ஒரு ராத்திரி, செவ்வாய்க்கிழமை, அவளுக்கு விடுமுறை. ஆனால் உடம்புக்கு அது தெரியுமா? அவர் தூங்குவார், அவள் சமையலறையில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு பித்தான் தைத்துக்கொண்டிருப்பாள். அவருக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை அவள் தூங்க, அவர் பூனை மாதிரி வீட்டில் நடமாடுவார்.

வந்த முதல் வருஷம், அந்த மூன்று நிமிஷத்துக்குள் ஒரு சண்டை வந்தது. மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று. பாதியில் விட்டுவிட்டு அவர் வேலைக்குப் போனார், அவள் படுக்கப் போனாள். அன்றைக்கு அவர் பதித்த கல் எல்லாம் கோணிப்போனது, அவள் பொட்டுத் தூக்கம் தூங்கவில்லை. அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. வாசலில் கனமான பேச்சு கூடாது. எழுதிப் பாக்கெட்டில் போட்டுவிட வேண்டும். வலது பாக்கெட்டில் அவள் அவருக்கு எழுதுவது, இடது பாக்கெட்டில் அவர் அவளுக்கு எழுதுவது. அவள் துணிமூட்டைக்குக் கட்டுகிற மஞ்சள் அட்டைச் சீட்டில் எழுதுவாள். அவர் சிமெண்டு மூட்டைக் காகிதத்தில் கிழித்து எழுதுவார், நாலு வார்த்தைக்கு மேல் போகாது. “வெங்காயம் இல்லை.” “மகள் போன் செய்தாள், நலம்.” “குழாய் ஒழுகுது.” பாக்கெட்டில் கேட்டதற்குப் பதிலும் பாக்கெட்டில்தான் வரும். வாயால் கேட்பதில்லை. யாரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் பதினொரு வருஷமாக இரண்டு பேருமே அதை மீறவில்லை.

இப்போது வந்த சங்கடம் அதனால்தான்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் சூப்பர்வைசர் அம்மா அவளைக் கூப்பிட்டு, மேல்மாடியில் தையல் அறையில் ஒரு பகல் வேலை காலியாகிறது, உனக்கு வேண்டுமா என்று கேட்டார். ஜன்னல் உள்ள அறை. காலை எட்டிலிருந்து ஐந்து வரை. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் காலை மஞ்சள் சீட்டில் எழுதி வலது பாக்கெட்டில் போட்டாள். “பகல் வேலை தரேங்கறாங்க. எடுத்துக்கவா? உங்களுக்கு எப்படி?”

பதில் வரவில்லை. அன்று சாயங்காலம் இடது பாக்கெட் காலி. மறுநாள், “சோப்பு தீர்ந்தது.” அதற்கடுத்த நாள், “படிக்கட்டு விளக்கு எரியலை.” இப்படியே பன்னிரண்டு நாள். அவளுக்கு முதலில் ஆச்சரியம், அப்புறம் கோபம், அப்புறம் ஒரு யோசனை. அவருக்கு வேண்டாம் போலிருக்கிறது. பதினொரு வருஷமாகச் சாயங்காலம் வீடு அவருடையது, கட்டில் அவருடையது, ரேடியோ அவருடையது. இனிமேல் தினமும் இவள் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமா என்று தோன்றியிருக்கலாம். ஒதுங்கி ஒதுங்கியே இருந்ததால்தான் இத்தனை நாள் சண்டையில்லாமல் ஓடியது என்றுகூட நினைத்திருக்கலாம். கேட்டுவிடலாம்தான். நாக்கு நுனி வரை வரும். நாம் ஏன் கெஞ்ச வேண்டும் என்று அதே நாக்கு மடங்கிக்கொள்ளும்.

சூப்பர்வைசர் அம்மா சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி வரை கெடு கொடுத்திருந்தார். நேரில் வராவிட்டாலும் பரவாயில்லை, போனில் சொன்னால் போதும்.

அந்தச் சனிக்கிழமையைப் பார்த்தா இரண்டு பேருக்கும் சேர்ந்து விடுமுறை வர வேண்டும்! உறைபனி இறங்கியதால் கலவை பிடிக்காது, இரண்டு நாள் வர வேண்டாம் என்று அவருடைய மேஸ்திரி சொல்லிவிட்டார். சலவைக் கூடத்தில் கொதிகலனைப் பரிசோதிக்க ஆட்கள் வந்திருந்தார்கள், அங்கேயும் இரண்டு நாள் பூட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆணியில் தொங்கிய கோட்டில் அவள் பழக்கதோஷத்தில் கையை விட்டாள். சிமெண்டுக் காகிதம் விறைப்பாக நின்றது. “நாளைக்கு ஊர் சுத்தலாமா, நடந்தே.”

கேட்டதற்குப் பதில் இல்லை, ஊர் சுத்தலாமாம். வேண்டாம் என்பதை நேரில் இதமாகச் சொல்வதற்கு இடம் தேடுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும், “சரி” என்று எழுதி வலது பாக்கெட்டில் போட்டாள்.

காலை ஒன்பது மணிக்கு வாசலில் முதல் தகராறு.

“நீ போட்டுக்கோ.”

“நீங்க போட்டுக்கங்க. நான் உள்ள மூணு போட்டிருக்கேன்.”

“நான் நாலு.”

“எங்க, எண்ணிக் காட்டுங்க.”

அவர் காலரை இழுத்துக் காட்டினார். இரண்டுதான் இருந்தது. சொல்லப்போனால் ஒன்றரை, ஒன்றுக்குக் கையே இல்லை.

“சரி, சண்டை வேணாம்,” என்றார். “சிக்னலுக்குச் சிக்னல் மாத்திக்கலாம். முதல்ல நீ.”

கீழ்வீட்டுத் தையல்காரம்மா கதவைத் திறந்தவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து? யாருக்காவது உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கோம். ஊரைச் சுத்திப் பார்க்கப் போறோம்,” என்றாள் அவள்.

“பதினொரு வருஷமா இங்கதானே இருக்கீங்க?”

“அதான் அவசரமில்லாம போறோம்,” என்றார் அவர்.

வெளியே பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. வெயில் இருந்தது, ஆனால் சும்மா பேருக்கு. முதல் சிக்னலில் அவள் கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள், இரண்டாவதில் அவர் திருப்பிக் கொடுத்தார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது சிக்னலில் அவர், “எனக்கு வேர்க்குது,” என்று வாங்க மறுத்தார். மூக்கு தக்காளியாகச் சிவந்திருந்தது. அவள் கோட்டை அவர் தோளில் போட்டுவிட்டாள்.

கடைத்தெரு வந்ததும் அவருக்கு நடையே மாறிவிட்டது.

“இது நம்ம தெரு,” என்றார்.

“யாரு இருக்கா இங்க?”

“யாரும் இல்ல. கல்லைப் பாரு. இந்த முனையிலேர்ந்து அந்த மணிக்கூண்டு வரைக்கும் நான் போட்டது. மூணு வருஷம் ஆச்சு, ஒரு கல்லு ஆடுதா பாரு.”

அவள் குனிந்து பார்த்தாள். சாம்பல் கல்லும் சிவப்புக் கல்லும் பின்னல் மாதிரி போய்க்கொண்டிருந்தன. நல்ல வேலை. இத்தனை வருஷம் அவர் கோட்டில் வந்த சிமெண்டுத் தூசியைத் தட்டியிருக்கிறாள், அது எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் பார்க்கிறாள். மருந்துக்கடை வாசலில் அவர் நின்றுவிட்டார்.

“இதுல என்ன தப்பு, சொல்லு பார்ப்போம்.”

“எனக்குத் தெரியலையே.”

“இந்தச் சிவப்பு. ஒரு சுத்து திரும்பி உட்கார்ந்திருக்கு. அன்னைக்கு மழை, மேஸ்திரி கழுத்துல உட்கார்ந்துட்டான். கலவை இறுகினப்புறம்தான் பார்த்தேன்.”

“யாருக்குங்க தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுதே. மூணு வருஷமா இது என் வயித்துல கெடக்கு.”

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அந்தக் கல்லின் மேல் ஏறி நின்று காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நகர்ந்தார்.

அவளுக்கு வேறு பார்வை. மாடி மாடியாகக் காயப்போட்ட துணிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள். “அந்த மூணாம் மாடிக்காரி வெள்ளையையும் கறுப்பையும் ஒண்ணாப் போட்டிருக்கா, சாம்பல் பூத்துப்போச்சு பாருங்க. இந்த ஓட்டல்காரன் திரைச்சீலையைத் துவைச்சு எத்தனை வருஷம் ஆகுதோ.”

“மேல பார்த்து நடந்தா விழுவ.”

“கீழ பார்த்து நடந்தா நீங்க எப்ப ஊரைப் பார்க்கறது?”

இப்படி ஊரின் கீழ்ப்பக்கத்தை அவரும் மேல்பக்கத்தை அவளுமாகப் பார்த்து முடித்தார்கள். நடுவில் இருந்த கடை கண்ணிகளை யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை.

மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு டீக்கடையில் நின்றார்கள். கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் டீயை ஊதினாள். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரமான ஒருவர் வந்து டீ சொல்லிவிட்டு, பாக்கெட்டிலிருந்து ஒரு பந்து சணல் கயிறை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுச் சில்லறை தேடினார். அவள் புருஷனின் காதருகே குனிந்தாள்.

“இவர் நம்ம டாக்டரு. எலும்பு வார்டு.”

“உனக்கு எப்படித் தெரியும்? உன் வேலை பாதாளத்துலதானே?”

“மூஞ்சி தெரியாது. கயிறு தெரியும். வாரத்துக்கு மூணு தடவை எடுத்து வெச்சு அனுப்பறேன். எதுக்கு வெச்சிருக்காருன்னுதான் இன்னைக்கு வரைக்கும் விளங்கலை.”

“கேட்டுடு.”

“போங்க. பாக்கெட்ல பார்த்ததை வாயால கேக்கறதா?”

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்த் தைக்கும் என்று அவளுக்கு உறைத்தது. அவர் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். டீயை ஒரு சுற்றுச் சுழற்றிவிட்டுக் கேட்டார்.

“ராத்திரியில உன்கூட வேலை பாக்கறவங்கல்லாம் நல்லவங்கதானே?”

“நல்லவங்கதான்.”

“சிரிச்சுப் பேசிக்கிட்டே பொழுது போயிடும், இல்ல?”

“போயிடும்.”

“பழகிப்போச்சு உனக்கு.”

“பழகித்தானே ஆகணும்.”

அவ்வளவுதான். அவர் மீதி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தம்ளரை மேஜையில் வைத்தார், அது நேராக நிற்கிறதா என்று பார்க்கக்கூட இல்லை. அவளுக்கு அர்த்தம் புரிந்துவிட்டது. பார்த்தாயா, ராத்திரி வேலையே நல்லதுதானே என்று வாயில் வார்த்தையை எடுத்துக் கொடுக்கிறார். இதற்குத்தான் இத்தனை தூரம் நடத்திக் கூட்டி வந்தாரா?

ஆனால் அந்த நாளை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை. தோளுக்கு ஒரு தோள் பக்கத்தில் நடந்து வந்தது. அவர் வழக்கமாக வேகமாக நடப்பவர், அவள் ஊர்ந்து நடப்பவள். முதல் ஒரு மணி நேரம் அவர் பத்தடி முன்னால் போய் நின்று நின்று திரும்பிப் பார்த்தார். அப்புறம் எப்போதோ அவர் கால் தானாகக் குறைந்து, அவள் கால் தானாகக் கூடி, ஒரு அளவுக்கு வந்துவிட்டிருந்தது. யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆற்றுப் பாலத்தின் மேல் காற்று சவுக்கு மாதிரி அடித்தது. கோட்டு அப்போது அவளிடம் இருந்தது. பாலத்தில் சிக்னல் கிடையாது, அடுத்த கரை வரை மாற்ற வழியில்லை. அவர் இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு பல்லைக் கடித்தார்.

“போட்டுக்கங்க.”

“உன் முறை.”

“முறையாவது கிறையாவது. ஆளு செத்தப்புறம் நான் முறையை வெச்சு என்ன பண்றது?”

கடைசியில் அவள் தன் வலது கையை உருவிக்கொண்டு கோட்டின் அந்தப் பாதியை அவர் பக்கம் விரித்தாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு தன் வலது கையைக் கோட்டின் காலிக் கையில் நுழைத்தார். நடுவில் இரண்டு பேர், வெளிப்பக்கம் ஆளுக்கொரு கை. எதிரே வந்த ஒரு பெரியவர் தொப்பியைத் தூக்கி வணங்கிவிட்டுப் போனார், கேலியா மரியாதையா தெரியவில்லை. ஆரம்பத்தில் கால் மிதித்துக்கொண்டார்கள், அப்புறம் சரியாகிவிட்டது. கீழே ஆறு ஈயம் மாதிரி கிடந்தது. இரு கரையிலும் வீடு வீடாக, ஜன்னல் ஜன்னலாக, ஊர் கண்ணுக்கு எட்டிய மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

“இவ்வளவு பெருசா இந்த ஊரு?” என்றாள்.

“இதுல நான் கல்லு போட்டது கால்வாசி இருக்கும்.”

“நான் துவைச்சது பாதி இருக்கும்.”

அவள் இடது கை இடது பாக்கெட்டில் இருந்தது. விரல்கள் தாமாகவே காகிதத்தைத் தேடின, இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தாள். வலது பாக்கெட்டுக்குள் அவர் விரல்களும் எதையோ துழாவிக்கொண்டிருந்தன. இவர் எதைத் தேடுகிறார்? அதை அப்போதே கேட்டிருந்தால் இந்தக் கதை பாலத்திலேயே முடிந்திருக்கும். காற்று அப்படி அடித்ததில் வாயைத் திறக்க முடியவில்லை, திறக்க மனசும் இல்லை.

மதியம் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடையில் சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டார்கள். சூடு வயிற்றுக்குள் இறங்கியதுதான் தாமதம், அவளுக்குக் கண் சொருகியது. பதினொரு வருஷமாக அது அவளுக்கு நடுநிசி. ரொட்டியைக் கையில் பிடித்தபடியே தலை முன்னால் விழுந்தது.

“இங்க தூங்கினா துரத்திடுவான், வா,” என்று அவர் அவளைக் கைத்தாங்கலாக ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். காத்திருக்கும் கூடத்தில் இரும்புக் குழாய்களில் வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்தவள்தான், ரயில் வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை. கண் விழித்தபோது கூடத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். கோட்டு அவள் கழுத்து வரை இழுத்துவிடப்பட்டிருந்தது. அவர் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“எவ்வளவு நேரமாச்சு?”

“ரெண்டு மணி நேரம்.”

“எழுப்பியிருக்கலாமில்ல? ஊர் சுத்தற நாளாச்சே.”

“பரவால்ல. இந்தக் கைதான் எங்க இருக்குன்னு தெரியலை.”

அவள் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். விரல்களில் சிமெண்டு அரித்த வெடிப்பு. ரத்தம் திரும்ப ஓடும்போது அவர் முகத்தைச் சுளித்தார், ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இந்த மனுஷனுக்கா நான் வேண்டாம் என்று அவளுக்கு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. கூடத்துச் சுவர்க் கடிகாரம் நாலு நாற்பது காட்டியது. கெடுவுக்கு இருபது நிமிஷம்தான், அவரோ இன்னும் பதில் சொல்லவில்லை. சந்தேகம் போன இடம் தெரியவில்லை.

“ஒரு போன் பண்ணணும்,” என்றாள். “சூப்பர்வைசர் அம்மாவுக்கு. அஞ்சு மணிக்குள்ள.”

அவள் தேய்த்துக்கொண்டிருந்த கையை அவர் மெல்ல இழுத்துக்கொண்டார். என்ன போன் என்று கேட்கவில்லை.

“பண்ணிடு,” என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து, அவளிடம் நீட்டாமல், கோட்டின் இடது பாக்கெட்டில் போட்டார். அவர் கொடுக்கிறது எதுவானாலும் அங்கேதானே போகும்.

நிலையத்துக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. தெருவோரத்தில் கண்ணாடிப் போன் கூண்டு இருந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் உள்ளே போனாள். அவர் வெளியே ஒன்றரைக் கம்பளிச் சட்டையோடு நின்றுகொண்டு கால்மாற்றிக் கால்மாற்றிக் குதித்தார். என்ன சொல்ல வேண்டும் என்று அவள் யோசித்து வைத்திருந்தாள். இப்போதைக்கு வேண்டாம், ராத்திரியே இருந்துவிடுகிறேன், வீட்டில் சரிப்படாது. வீட்டில் சரிப்படாது என்பதை மட்டும் விட்டுவிடலாம்.

இடது பாக்கெட்டில் கையை விட்டாள். காசு இல்லை.

மறுபடி விட்டாள். மூலை வரை தடவினாள். மூலையில் அவள் சுண்டுவிரல் வெளியே போனது.

ஓட்டை! அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. மூட்டைக் கயிறு வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோலை ராத்திரி நடந்து போகும்போது இந்தப் பாக்கெட்டில்தான் போட்டுக்கொள்வாள். அதன் நுனி குத்திக் குத்தி வேலையைக் காட்டியிருக்கிறது. ஊராருடைய பாக்கெட்டையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள், தன் கோட்டில் கையை விட்டுக் காகிதத்தை எடுப்பதோடு சரி.

கோட்டின் ஓரத்தைத் தூக்கி, உள்துணியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, தையல் வழியாக நகர்த்திக்கொண்டே போனாள். அவள் விரல்களுக்கு இது கண் மாதிரி. பின்பக்க மூலையில் வட்டமாகக் காசு. காசுக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. சின்னது, கெட்டியானது. எட்டாக மடித்த காகிதம். சிமெண்டு மூட்டைக் காகிதம் என்பதுகூட விரலுக்குத் தெரிந்துவிட்டது.

கைப்பையில் அந்தக் கத்தரிக்கோல் இருந்தது. அதை எடுத்துத் தையலை நாலு விரல் அளவுக்கு வெட்டி இரண்டையும் வெளியே எடுத்தாள். வெங்காயம், சோப்பு, குழாய் எல்லாம் விரித்தபடியே வருகிற சீட்டு, விறைப்பாக மேலேயே நிற்கும். இதை மட்டும் ரகசியம் என்று எட்டாக மடித்திருக்கிறார். மடித்ததால்தான் ஓட்டை வழியாக இறங்கியிருக்கிறது. கூண்டின் மங்கல் வெளிச்சத்தில் பிரித்துப் படித்தாள். நாலு வார்த்தைக்கு மேல் எழுதாதவர் காகிதத்தின் இரண்டு பக்கமும் எழுதியிருந்தார்.

“எடு. யோசிக்காதே. தினமும் கோட்டுக்குள்ள கையை விட்டா உன் சூடு இருக்கு, நீ இல்ல. பதினொரு வருஷம் அதுவே போதும்னு இருந்தாச்சு. இனிமே போதாது. செவ்வாய்க்கிழமை குறட்டை உனக்குத் தெரியும். மத்த ஆறு நாளும் அதேதான், இப்பவே சொல்லிட்டேன். எடுத்துக்கறேன்னு எழுது.”

எடுத்துக்கறேன்னு எழுது. பன்னிரண்டு நாளாக அந்த மனுஷனும் வலது பாக்கெட்டைத் துழாவிக்கொண்டிருந்திருக்கிறார். எடு என்று எழுதிப் போட்ட பிறகும் இவளிடமிருந்து ஒரு வரி இல்லை. இவளுக்குத்தான் வேண்டாம் போலிருக்கிறது, ராத்திரிக் கூட்டாளிகளை விட மனசில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அதையும் கேட்காமல், ஊர் சுற்றக் கூப்பிட்டிருக்கிறார். பகலில் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று காட்ட. டீக்கடையில் இவள் சொன்ன ஒவ்வொரு பதிலும் அவருக்கு எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் சேர்த்துக் கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டாள்.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். வெளியே ஒரு குண்டு மனிதர் கடிகாரத்தைச் சுட்டிக்காட்டினார். ஐந்துக்கு மூன்று நிமிஷம் இருந்தது. அவள் காசைப் போட்டு எண்ணைச் சுழற்றினாள்.

“அம்மா, நான்தான். பாக்கெட் அக்கா. எடுத்துக்கறேன்மா. ஆமா, பகல்தான். வீட்டுல என்ன சொன்னாங்களா? வீட்டுல எப்பவோ சொல்லிட்டாங்கம்மா.”

போனை வைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து மஞ்சள் சீட்டையும் பேனாவையும் எடுத்தாள். கண்ணாடிச் சுவரில் வைத்து எழுதும்போது குண்டு மனிதர் மறுபடி தட்டினார். தட்டட்டும்.

வெளியே வந்து கோட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். “உங்க முறை.”

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“ம்,” என்றார். கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தார். குளிரில் விறைத்த கைகள் தாமாகவே பாக்கெட்டுக்குள் போயின. நாலடி போனவர் நின்றார். வலது கையை வெளியே எடுத்தார். தெருவிளக்குக்கு அடியில் போய், சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படித்தார்.

“உங்க சீட்டு ஓட்டைல விழுந்து கெடந்தது. இப்பத்தான் படிச்சேன். சரின்னு சொல்லிட்டேன். இன்னொரு கோட்டு வாங்கணும்.”

அவர் அதை இரண்டாம் தரம் படித்தார். இடது பாக்கெட்டில் கைவிட்டுப் பார்த்தார். விரல் ஓட்டை வழியாக உள்ளே போனது. கோட்டின் ஓரத்தைத் தூக்கி, வெட்டிய தையலையும் பார்த்தார்.

“பாக்கெட் அக்காவோட பாக்கெட்டா இது?” என்றார்.

“நாலு பேருக்குச் சொல்லிடாதீங்க. என் மானம் போயிடும்.”

“ஏழு மணிக்குத் துணிக்கடையை மூடிடுவான். நட.”

நடந்தார்கள். இரண்டு பேரும் பெரிய சாலையைக் கடந்தார்கள், யாரும் கோட்டை மாற்றவில்லை. அவள் இடது கையை அவர் வலது பாக்கெட்டில் விட்டிருந்தாள், அவர் கையும் அங்கேதான் இருந்தது. ஓரிடத்தில் காலடியில் ஒரு கல் டக்கென்று ஆடியது. வேறு நாளாக இருந்தால் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். இன்றைக்கு அது ஆடியதே அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை.

துணிக்கடையின் வெளிச்சம் தெரிந்ததும் அவர் நடையைக் குறைத்தார்.

“ஏம்மா.”

“ம்?”

“அந்தக் குறட்டை விஷயம். பரவால்லையா உனக்கு?”

பதினொரு வருஷத்தில் பாக்கெட்டில் போட்டதை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளும் சீட்டைத் தேடவில்லை.

“செவ்வாய்க்கிழமைல அதைக் கேட்டுக்கிட்டுத்தாங்க சமையல்கட்டுல உட்கார்ந்திருப்பேன்,” என்றாள். “மத்த நாள் ராத்திரிதான் காது சும்மா கெடந்துச்சு.”